ஒரே மழை, இரண்டு நிலம்: ஏரியின் நீர்ப்பிடிப்பைக் கணக்கிடப் பழகுவோருக்கு

பெங்களூரில் விழும் மழைத்துளி எந்தப் பக்கம் உருண்டாலும் கடைசியில் தமிழ்நாட்டுக்குள்தான் வருகிறது. நகரம் சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. கிழக்குச் சரிவில் விழுவது ஹெப்பால், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குகள் வழியாகத் தட்சிண பினாகினியில் சேர்கிறது. ஓசூர்ப் பக்கம் வந்ததும் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மேற்குச் சரிவில் விழுவது விருஷபாவதி, அர்க்காவதி என்று இறங்கி, கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியோடு சேர்ந்து மேட்டூருக்கு வருகிறது. இங்கே ஒரு மேட்டைச் சுரண்டி அடுக்குமாடி எழுப்பினால், அந்தச் செம்மண்ணுக்கும் தண்ணீருக்கும் கணக்குக் கேட்க வேண்டியவர்கள் கீழேயும் இருக்கிறார்கள்.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் வெளிவட்டச் சாலையும் சர்ஜாபூர் சாலைப் பகுதியும் மூழ்கி, ஆட்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனது பலருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் எங்கள் குடியிருப்பில் தமிழ் பேசுகிறவர்கள் கூடும்போதெல்லாம் ஒரே பேச்சு: மழை அதிகமா, இல்லை நிலம் மாறிவிட்டதா? ஆளுக்கு ஒரு பதில் சொன்னோம். யார் கையிலும் கணக்கு இல்லை. அதற்குப் பிறகுதான், ஒரு சரிவில் பெய்யும் மழையில் எவ்வளவு நீரும் மண்ணும் ஏரிக்கு வந்து சேரும் என்று கணக்கிடும் இந்த வேலையை நான் பழக ஆரம்பித்தேன். இப்போது ஆர்வமுள்ள சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூ கணக்குத் தெரிந்தால் போதும். மென்பொருள் அனுபவம் வேண்டியதில்லை.

சின்ன ஏரியாகப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே பெல்லந்தூரில் தொடங்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். அதன் நீர்ப்பிடிப்பு, அதாவது மழைநீர் அந்த ஏரிக்கு வடிந்து வரும் நிலப்பரப்பு, நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் போகும். அதோடு அங்கே கோடைகாலத்திலும் தண்ணீர் ஓடும், அது கழிவுநீர். காவிரியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீர் வீடுகளில் புழங்கி, ஓடையில் இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஒரு நதியின் நீரை நகரமே இன்னொரு நதிக்கு மாற்றிவிடுகிறது. போதாக்குறைக்கு, 2018 முதல் அந்தப் பள்ளத்தாக்கில் சுத்திகரித்த நீரில் ஒரு பங்கைக் கோலார் ஏரிகளுக்கும் இறைக்கிறார்கள். இத்தனையையும் பிரித்துக் கணக்கிடுவது முதல் மாணவருக்கான வேலை இல்லை.

இரண்டு மூன்று சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உள்ள ஏரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு காலைப் பொழுதில் சுற்றி நடந்து வந்துவிட வேண்டும். சங்கிலியில் மேலே இருக்கும் ஏரியாக இருந்தால் இன்னும் நல்லது. மடிவாளா நிரம்பினால் அகரா, அகரா நிரம்பினால் பெல்லந்தூர் என்று இங்கே ஏரிகள் ஒன்றுக்கொன்று கை கோத்து நிற்கின்றன. கீழ் ஏரியைக் கணக்கிட மேல் ஏரிகள் எல்லாவற்றின் கணக்கும் வேண்டும். தலை ஏரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

கணினியைத் திறப்பதற்கு முன் நடந்துவிடுங்கள். ஏரியின் கோடி (நிரம்பினால் நீர் வழிந்து வெளியேறும் இடம்) எங்கே, தூம்பு (மதகு) எங்கே, எந்த ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) வழியாகத் தண்ணீர் வருகிறது, எந்தச் சாலைக்கு அடியில் குழாய் போகிறது என்று கையால் ஒரு படம் போடுங்கள். கோடி, தூம்பு என்ற சொற்கள் கன்னடத்திலும் ஏறத்தாழ அப்படியேதான். கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஒரு சரிவில் எனக்குப் பெரிய உதவி செய்தவர் ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருக்கும் தர்மபுரிக்காரர். “மேல லேஅவுட் போடறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் தண்ணி வந்ததே இல்ல தம்பி. அந்த மதில எழுப்புனாங்க, அதுக்கப்புறம்தான் இங்க திரும்பிக்கிச்சு” என்றார். “எந்த மதில்ண்ணே?” என்று கேட்டதற்குக் கடையைப் பக்கத்திலிருந்தவரிடம் விட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்து காட்டினார். எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் அந்த மதில் தனியாகத் தெரியாது. நீர்ப்பிடிப்பின் எல்லையோ அந்த மதிலால் ஒரு தெரு அளவு நகர்ந்திருந்தது.

எல்லை வரைதல்

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். அதற்குள்ளேயே கிராஸ் என்ற கருவிப்பெட்டி வரும். அடுத்து நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் உயரத் தரவு வேண்டும். எஸ்ஆர்டிஎம், இஸ்ரோவின் கார்ட்டோடெம், கோபர்நிகஸ் மூன்றும் 30 மீட்டர் கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் பெங்களூருக்கு எஸ்ஆர்டிஎம்மையும் கூடவே வைத்துப் பார்ப்பேன். அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. ரேடார் மரத்தலையையும் கட்டட மாடியையும் தரை என்றே எண்ணிக்கொள்ளும். 2000-க்குப் பிறகு கட்டடம் வந்த இடங்களில் பழைய அளவே உண்மையான தரைக்குக் கிட்டத்தில் இருக்கும்.

தரவு இறங்கியதும் முதல் வேலை அதை மீட்டர் அளவுக்கு மாற்றுவது. இதற்கு யுடிஎம் என்ற, மீட்டரில் அளக்கும் வரைபட அமைப்பு இருக்கிறது. பெங்களூருக்கு அதில் 43 வடக்கு மண்டலம், குறியீட்டு எண் 32643. ஓசூர் வரை இதுவே சரி. கிருஷ்ணகிரி போனால் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையைத் தாண்டிவிடுவோம், அங்கே 44-ஆம் மண்டலம். இந்த மாற்றத்தைச் செய்ய மறந்தால் சரிவுக் கணக்கு முழுதும் பாழ்.

அடுத்து பெரும்பாலான வழிகாட்டிகள் ‘பள்ளங்களை நிரப்பு’ என்று சொல்லும். நம் ஊருக்கு அது ஆபத்தான அறிவுரை. ஏரி என்பதே ஒரு பள்ளம்தானே! கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் ஏரி, குட்டை எல்லாம் சமதளமாகி, ஓடை எந்த வழியாகப் போகிறது என்பதே தாறுமாறாகிவிடும். கிராஸில் உள்ள ‘ஆர்.வாட்டர்ஷெட்’ கருவி பள்ளங்களை நிரப்பாமலே நீர்ப்போக்கைக் கண்டுபிடிக்கும். அதைப் பயன்படுத்துங்கள். ஓடைக்கான குறைந்தபட்ச அளவாக 100 கட்டம் கொடுங்கள், அது 9 ஹெக்டேர். பிறகு கோடி இருக்கும் இடத்தைக் கழிமுனையாக, அதாவது நீர்ப்பிடிப்பின் நீரெல்லாம் வந்து சேரும் புள்ளியாகக் குறித்து ‘ஆர்.வாட்டர்.அவுட்லெட்’ ஓட்டினால் எல்லை வந்துவிடும். புள்ளி ஓடைக் கட்டத்தின் மேலேயே விழ வேண்டும். ஒரு கட்டம் தள்ளி வைத்தால் நாலைந்து கட்டம் மட்டுமே கொண்ட நீர்ப்பிடிப்பு வரும். பயப்பட வேண்டாம், புள்ளியை நகர்த்தினால் சரியாகிவிடும்.

கணினி போட்ட ஓடை நீங்கள் பார்த்த ராஜகாலுவேயில் போகாது. இந்தத் தரவில் சில மீட்டர் பிழை சாதாரணம், காலுவேயின் ஆழமே இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும். அதனால் நடந்து பார்த்த காலுவேயைக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டில் உள்ள கட்டங்களின் உயரத்தை ஐந்து மீட்டர் தாழ்த்தி மறுபடி ஓட்டுங்கள். டீக்கடைக்காரர் காட்டிய மதிலை அதேபோல உயர்த்தி வையுங்கள். இந்த இரண்டும் செய்த பிறகு வரும் எல்லையை மறுபடி ஒருமுறை நடந்து சரிபாருங்கள்.

மழைத் தரவில் ஒரு பொறி

பெங்களூரில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, செப்டம்பர்தான் அதிகம் பெய்யும் மாதம். ஆனால் இந்த வேலைக்கு ஆண்டுக் கணக்கு உதவாது. இங்கே மழை மாலையில் திரண்டு, ஒரு மணி நேரத்தில் கொட்டி நின்றுவிடும். ஒயிட்ஃபீல்டில் சாலை ஆறாக ஓடும்போது கெங்கேரியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். இந்திய வானிலைத் துறையின் தினசரி கட்டத் தரவு 1901-லிருந்து இருக்கிறது, அருமையான பொக்கிஷம். ஆனால் ஒரு கட்டம் கால் பாகை, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். மொத்த நகரமும் சில கட்டங்களில் அடங்கிவிடும். நீண்டகாலப் போக்கைப் பார்க்க அதை எடுங்கள். உங்கள் ஏரிக்கு அருகில் உள்ள தானியங்கி மழைமானியின் அளவு வேண்டும். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் நகரம் முழுக்க அத்தகைய மானிகளை வைத்திருக்கிறது.

பொறி இதுதான். வானிலைத் துறையின் ‘ஒரு நாள்’ காலை 8:30-லிருந்து மறுநாள் காலை 8:30 வரை, அதைப் பதிவது இரண்டாவது நாளின் தேதியில். 4-ஆம் தேதி இரவு கொட்டிய மழை 5-ஆம் தேதிக் கணக்கில் நிற்கும். நான் தொடக்கத்தில் இதைக் கவனிக்காமல், ஏரி நிரம்பியது முதல் நாள், மழை பெய்தது மறுநாள் என்று வந்த முடிவோடு ஒரு மாதம் போராடினேன். தரவை எடுத்ததும் முதலில் தேதியை ஒழுங்கு பண்ணுங்கள். முடிந்தால் உங்கள் மொட்டைமாடியில் நேர்ச்சுவர் உள்ள டப்பா ஒன்றை வைத்து நீங்களே அளந்து எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்துக்கு இணையான தரவு எதுவும் இல்லை.

கர்வ் நம்பர்: காகிதத்தில் ஒரு கணக்கு

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். விழுந்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு வழிந்தோடும்? இதற்கு உலகமெங்கும் பழகப்பட்ட எளிய முறை, அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950-களில் உருவாக்கிய கர்வ் நம்பர் முறை. நிலத்துக்கு ஓர் எண் தருகிறோம். எண் 100-ஐ நெருங்க நெருங்க உறிஞ்சுதல் குறையும். கூரை, தார்ச்சாலை, கான்கிரீட்டுக்கு 98. நல்ல மணல்மண்ணில் காடு இருந்தால் 30, 40 என்று இறங்கும். மண்ணை உறிஞ்சும் வேகப்படி நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிலப்பயன்பாட்டு வாரியாக அட்டவணை இருக்கிறது.

கணக்கு இரண்டே வரி:

தேக்கம் = 25400 ÷ எண் − 254
வழிநீர் = (மழை − 0.2 × தேக்கம்)² ÷ (மழை + 0.8 × தேக்கம்)

எல்லாம் மில்லிமீட்டரில். தேக்கம் என்பது நிலம் பிடித்துவைக்கக்கூடிய நீர், வழிநீர் என்பது வழிந்தோடும் நீர். 0.2 × தேக்கம் என்பது இலையிலும் குழியிலும் முதலில் தங்கிவிடும் நீர். மழை அதைவிடக் குறைவாக இருந்தால் வழிநீர் பூஜ்யம். நம் நாட்டுக் கையேடுகளில் 0.2-க்குப் பதில் 0.3 எடுப்பதும் உண்டு. முதலில் 0.2-இலேயே பழகுங்கள்.

200 ஹெக்டேர் சரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பு கேழ்வரகும் தென்னையும் இருந்தபோது எண் 78 என்று வையுங்கள். லேஅவுட்டும் அடுக்குமாடியும் வந்த பிறகு 92. இரண்டிலும் ஒரே மழையைப் பெய்ய விடுவோம், 100 மில்லிமீட்டர்.

78-க்குத் தேக்கம் 71.6, வழிநீர் சுமார் 47 மி.மீ. 92-க்குத் தேக்கம் 22.1, வழிநீர் சுமார் 78 மி.மீ. வித்தியாசம் 31 மி.மீ. 200 ஹெக்டேரில் அது ஏறத்தாழ 62,000 கன மீட்டர், அதாவது 6,000 லிட்டர் டேங்கர் பத்தாயிரத்துக்கு மேல். கோடையில் தெருத் தெருவாக டேங்கருக்குக் காத்திருக்கும் ஊரில், ஒரே மாலையில் ஒரு சின்னச் சரிவு மண்ணுக்குள் அனுப்பாமல் விட்ட தண்ணீர் இது.

இப்போது அதே நிலத்தில் 30 மி.மீ. மழையைப் போட்டுப் பாருங்கள். பழைய நிலத்தில் 2.8 மி.மீ. வழிகிறது. புதிய நிலத்தில் 13.7. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! பெருமழையில் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், சாதாரண மழையில் ஐந்து மடங்கு. நிலம் மாறியதன் சுவடு சின்ன மழையில்தான் தெளிவாகத் தெரியும். வெள்ளச் செய்தி வரும் நாளை மட்டும் ஆராய்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கட்டுரையின் கடைசியில் இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

மண் ஏற்கெனவே நனைந்திருக்கிறதா என்பதும் முக்கியம். முந்தைய ஐந்து நாள் மழையைக் கூட்டுங்கள். பயிர்க்காலத்தில் 36 மி.மீ.க்குக் கீழே என்றால் உலர்நிலை, 53-க்கு மேலே என்றால் ஈரநிலை, இடையில் நடுநிலை. அட்டவணை எண் நடுநிலைக்கானது. மாற்றும் வாய்பாடு:

உலர் எண் = எண் ÷ (2.281 − 0.01281 × எண்)
ஈர எண் = எண் ÷ (0.427 + 0.00573 × எண்)

78 என்ற எண் உலர்நிலையில் 61 ஆகும், ஈரநிலையில் 89. அதே வயலில், அதே 100 மி.மீ. மழைக்கு வழிநீர் முறையே 20, 47, 71 மி.மீ. ஆக, “மழை அதிகமா, நிலம் மாறியதா?” என்ற எங்கள் கேள்வியில் மூன்றாவது ஒன்றைச் சேர்க்க மறந்திருந்தோம்: முந்தைய வாரம் எப்படி இருந்தது? தொடர்ந்து பெய்து ஊறிய நிலம் என்றால் வயலும் பாதி கான்கிரீட் போலத்தான் நடந்துகொள்ளும். நிலப்பயன்பாட்டைக் குறை சொல்ல வேண்டுமானால் இதைக் கழித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நேர்மையான கணக்கு அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு தவறு, அனுபவம் உள்ளவர்களே செய்வது: சரிவில் பாதி பூங்கா, பாதி கான்கிரீட் என்றால் இரண்டு எண்களுக்கும் சராசரி எடுத்துவிடுவது. பூங்காவுக்கு 60, கான்கிரீட்டுக்கு 98, சராசரி 79. 30 மி.மீ. மழைக்கு 79 தரும் வழிநீர் 3.2 மி.மீ. தனித்தனியாகப் போட்டால் பூங்காவில் பூஜ்யம், கான்கிரீட்டில் 24.6, சராசரி 12.3. நான்கு மடங்கு வித்தியாசம். கூரைத் தண்ணீர் நேராகக் காலுவேயில் விழும் ஊரில் இரண்டாவது கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கும். எண்ணைச் சராசரி எடுக்காதீர்கள், வழிநீரைச் சராசரி எடுங்கள்.

நிலப்பயன்பாட்டைப் பிரிக்க 10 மீட்டர் கட்ட சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இருக்கிறது. சோம்பலாக இருந்தால் ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் 2021 வரைபடத்தை அப்படியே எடுக்கலாம். பழைய நிலைக்கு லேண்ட்சாட் படங்களும், சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடமும் உதவும். அகரா, மடிவாளா பக்கம் என்றால் 57 ஹெச்/9 தாள். மண்ணுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு அமைப்பின் வரைபடங்கள் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: செம்மண் இயல்பில் நன்றாக நீர் உறிஞ்சும், ஆனால் மூடாக்கு இல்லாமல் மழைத்துளி அடித்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். லாரியும் ஜேசிபியும் ஏறி இறங்கிய மனையில் வரைபடம் என்ன சொன்னாலும் உறிஞ்சுவதில் ஒரு வகை குறைந்த மண்ணாகக் கொண்டு எண் கொடுங்கள்.

எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகமாக என்பதும்

காலுவே பொங்குவதை முடிவு செய்வது உச்ச ஓட்டம், அதாவது ஒரு விநாடியில் வரும் அதிகபட்ச நீர். அதற்கு முதல் மதிப்பீடு: 0.278 × வழிவுக் கெழு (மழையில் வழிந்தோடும் பங்கு) × மழை வேகம் (மணிக்கு மி.மீ.) × பரப்பு (சதுர கி.மீ.). விடை விநாடிக்குக் கன மீட்டரில். மழை வேகத்தை எடுக்க வேண்டியது, சரிவின் கடைக்கோடி நீர் கழிமுனைக்கு வர ஆகும் நேரத்துக்கு. 2 கிலோமீட்டர் நீளம், 1 சதவீதச் சரிவு உள்ள மண் ஓடையில் கிர்பிச் வாய்பாட்டின்படி அது சுமார் 40 நிமிடம். கான்கிரீட் காலுவேயில் இதில் பாதிகூட ஆகாது. நேரம் குறைந்தால் கணக்கில் வர வேண்டிய மழை வேகம் கூடும், ஏனென்றால் மழை குறுகிய நேரத்தில்தான் உக்கிரமாகப் பெய்யும். நம் 2 சதுர கிலோமீட்டரில் கெழு 0.3, வேகம் 60 என்றால் விநாடிக்கு 10 கன மீட்டர். கெழு 0.7, வேகம் 90 என்றால் 35. வழிநீரின் அளவு ஒன்றரை மடங்கு கூடிய இடத்தில் உச்சம் மூன்றரை மடங்கு கூடுகிறது.

மண் எங்கே போகிறது

மண்ணரிப்புக்கு விஷ்மையரும் ஸ்மித்தும் 1965-இல் வெளியிட்டு 1978-இல் திருத்திய சமன்பாடுதான் இன்றும் அடித்தளம். ஐந்து காரணிகளைப் பெருக்க வேண்டும்: மழையின் அடி, மண்ணின் இளக்கம், சரிவின் நீளமும் சாய்வும், மூடாக்கு, பாதுகாப்பு வேலை. விடை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு இத்தனை டன். ஒப்பீட்டுக்கான அளவுத்துண்டு 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட வெற்று நிலம். அதற்குச் சரிவுக் காரணி 1, மூடாக்குக் காரணி 1.

இங்கே புதியவர்கள் விழும் குழி அலகு. மழைக்காரணியும் மண்காரணியும் அமெரிக்க அலகிலும், பழைய மெட்ரிக் அலகிலும், பன்னாட்டு அலகிலும் புழங்குகின்றன. ஒரு கட்டுரையிலிருந்து மழையையும் இன்னொன்றிலிருந்து மண்ணையும் எடுத்தால் விடை பத்து மடங்கு தவறிவிடும். அமெரிக்க அலகிலிருந்து பன்னாட்டு அலகுக்கு மழைக்காரணியை 17.02-ஆலும், மண்காரணியை 0.1317-ஆலும் பெருக்க வேண்டும். பன்னாட்டு அலகில் மண்காரணி பெரும்பாலும் 0.01-க்கும் 0.07-க்கும் இடையில் இருக்கும். 0.3 என்று ஒரு தாளில் பார்த்தால் அது வேறு அலகு, உடனே நில்லுங்கள். ஆண்டு மழையிலிருந்து மழைக்காரணி தரும் இந்திய வாய்பாடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பழகுவதற்காக, பன்னாட்டு அலகில் மழை 4,500, மண் 0.03, சரிவு 0.5 என்று எடுப்போம். பெருக்கினால் 67.5. இதுதான் வெற்று நிலத்தின் விடை. கேழ்வரகு வயலில் மூடாக்கு 0.3, வரப்புப் போட்டதற்கு 0.3 என்றால் 6 டன். கூரையும் சாலையுமாக முடிந்துபோன லேஅவுட்டில் அரிப்பதற்கு மண்ணே வெளியே இல்லை.

அப்படியானால் நகரமயமாதல் மண்ணரிப்பைக் குறைக்கிறதா? முடிந்த நகரம் குறைக்கும். நகரமாகிக்கொண்டிருக்கும் சரிவுதான் கொட்டித் தீர்க்கும். அமெரிக்காவின் மேரிலாந்துப் பகுதியை ஆராய்ந்து கோர்டன் வோல்மன் 1967-இலேயே இதைச் சொல்லிவிட்டார்: பயிர்நிலத்தில் மிதமான வண்டல், கட்டுமான ஆண்டுகளில் அது தலைதெறிக்க ஏறும், கட்டி முடித்ததும் சரியும். சர்ஜாபூர் பக்கம் மழைநாளில் காலுவேயில் ஓடும் செங்காவி நிறத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நம் 200 ஹெக்டேரில் 20 ஹெக்டேர் மட்டும் மண் தோண்டிக் கிடக்கிறது, மீதி 180 வயல் என்று கொள்ளுங்கள். அந்த 20-இலிருந்து 1,350 டன், 180-இலிருந்து 1,080 டன். பத்தில் ஒரு பங்கு நிலம் பாதிக்கு மேல் மண்ணைத் தருகிறது. அதனால் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் ‘கட்டடம்’ என்று ஒரே நிறம் அடிக்காதீர்கள். கட்டிமுடித்தது, தோண்டிக் கிடப்பது என்று இரண்டாகப் பிரியுங்கள். தயார் வரைபடங்கள் இதைப் பிரித்துத் தராது. கூகுள் எர்த்தின் பழைய படங்களை வைத்துக் கையால் வரைவதுதான் வழி.

அரிக்கப்பட்ட மண் எல்லாம் ஏரிக்கு வந்து சேராது. வழியில் வரப்பிலும் புல்லிலும் தங்கும். நீர்ப்பிடிப்பின் பரப்பை வைத்து எளிய மதிப்பீடு: சேரும் பங்கு = 0.4724 × பரப்பு^(−0.125), பரப்பு சதுர கிலோமீட்டரில். 2 சதுர கிலோமீட்டருக்கு 0.43. மொத்தம் 2,430 டன்னில் ஏறக்குறைய 1,050 டன் ஏரிக்கு வரும், கன அளவில் 800 கன மீட்டர் என்று வைக்கலாம். ஏரி 10 ஹெக்டேர் என்றால் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் வண்டல். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது பரவலாகப் படியாது, காலுவே வாயில் மேடாகக் குவிந்து, தண்ணீர் நுழையும் வழியையே அடைக்கும்.

சமன்பாடு சொல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வாய்க்கால் கரை இடிவதும், பள்ளம் அறுத்துக்கொண்டு போவதும் இதில் இல்லை. கணினியில் சரிவுக் காரணியைக் கட்டம் கட்டமாகப் போடும்போது ஓடைக் கட்டங்களில் அது நூறுக்கணக்கில் எகிறும். ஓடைகளை விலக்கிவிட்டு, சரிவு நீளத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்து ஓட்டுங்கள். ஒரே மழைக்கு உரிய வண்டல் வேண்டுமென்றால் வில்லியம்ஸ் 1975-இல் தந்த மாற்றுச் சமன்பாடு இருக்கிறது. அதில் மழையின் அடிக்குப் பதிலாக வழிநீரும் உச்ச ஓட்டமும் வரும். ஸ்வாட் என்ற மென்பொருளுக்குள் ஓடுவது அதுதான்.

மென்பொருள் எப்போது

காகிதக் கணக்கு கைக்கு வந்த பிறகு. ஒரு மழையின் வெள்ளத்தை நேர வாரியாகப் பார்க்க ஹெச்இசி-ஹெச்எம்எஸ் போதும். பல ஆண்டுகளுக்குத் தினசரி ஓட்டிப் பார்க்க ஸ்வாட். இரண்டும் இலவசம். 2 சதுர கிலோமீட்டருக்கு ஸ்வாட் தேவையே இல்லை என்பது என் கருத்து. மேலே செய்ததை ஒரு விரிதாளில் போட்டாலே போதும்.

ஏரியே உங்கள் அளவுகோல்

கணக்கு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சின்ன ஓடைகளில் அரசு அளவுமானிகள் இருக்காது. ஆனால் ஏரி இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு கரையோரக் கல்லில் சென்டிமீட்டர் அளவு வரையுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஏரி கோடி போகாத வரை, நீர்மட்டம் ஏறிய உயரத்தைப் பரப்பால் பெருக்கினால் வந்து சேர்ந்த நீர். கழிவுநீர் வரும் ஏரியாக இருந்தால், பிப்ரவரி மாதம் மழை இல்லாத நாளில் காலுவேயில் ஓடுவதை அளந்து கழித்துவிடுங்கள். ஒரு மிதவையை விட்டு நேரம் பார்த்து, அந்த வேகத்தை 0.85-ஆலும் ஓட்டத்தின் குறுக்குப் பரப்பாலும் பெருக்கினால் போதும்.

இப்போது அந்த 30 மி.மீ. மழைக்குத் திரும்புவோம். எண் 78 என்பது உண்மையானால், 200 ஹெக்டேரிலிருந்து 5,600 கன மீட்டர் வரும், 10 ஹெக்டேர் ஏரி சுமார் 6 சென்டிமீட்டர் ஏறும். ஏரி மேலேயே விழுந்த 3 சென்டிமீட்டரைச் சேர்த்தால் 9. எண் 92 என்றால் 27,500 கன மீட்டர், ஏரி மேல் விழுந்ததையும் சேர்த்து மட்டம் 30 சென்டிமீட்டர் ஏறும். 9-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்துச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம், கல்லில் போட்ட கோடே போதும். பெருமழையில் ஏரி கோடி போய்விடும், அளக்க முடியாது. ஜூன், ஜூலையில் வரும் சாதாரண மாலை மழைதான் உங்கள் நிலத்தின் எண்ணைச் சொல்லிக்கொடுக்கும்.

அளவு ஒத்துவரவில்லை என்றால் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் எல்லையைச் சந்தேகியுங்கள், அடுத்து மழைமானியை, அப்புறம்தான் எண்ணை. மூன்று மழையை வைத்துத் திருத்துங்கள். நாலாவது மழைக்கு ஏரி எத்தனை சென்டிமீட்டர் ஏறும் என்பதை மழை பெய்வதற்கு முன்பே, 10 மி.மீ., 20 மி.மீ., 30 மி.மீ. என்று வாரியாக நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் காலை போய்ப் பாருங்கள்.